வாடகையைக் கேட்கும் முன் தண்ணீரைக் கேளுங்கள்

திருச்சியிலிருந்து மாற்றலாகி ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்துக்கு வரும் ஒரு சகோதரியின் கேள்வி இது. கணவருக்கு மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் வேலை. ஆறாம் வகுப்புக்குப் போகும் மகள் இருக்கிறாள், கூடவே மாமியாரும் வருகிறார். வாடகைக்கு மாதம் 8,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். "இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்ட் கிடைக்குமா? ராமநாதபுரத்திலேயே பார்ப்பதா, உச்சிப்புளி, மண்டபம் பக்கம் போனால் மலிவாக இருக்குமா? அட்வான்சுக்குப் பதில் மொத்தமாகப் பணம் கொடுத்து ஒத்திக்கு எடுக்கச் சொல்கிறார்களே, அது சரியா?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் அபார்ட்மெண்ட். சென்னை, திருச்சி மாதிரி லிப்ட், செக்யூரிட்டியோடு அடுக்குமாடி இங்கே மிகக் குறைவு. இருக்கிற சிலதும் உங்கள் பணத்துக்குள் வருவது கஷ்டம். இங்கே வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் மாடி வீடு. கீழே உரிமையாளர் இருப்பார், மேலே ஒன்றோ இரண்டோ போர்ஷன். இல்லையென்றால் ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக நாலைந்து வீடுகள். அதனால் செல்போன் ஆப்பில் "2 பிஎச்கே" என்று தட்டிப் பார்த்துவிட்டு ராமநாதபுரத்தில் வீடே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஊரின் காலி வீடுகளில் பெரும்பகுதி எந்த ஆப்பிலும் ஏறுவதில்லை. கேட்டில் ஒரு டூலெட் அட்டை தொங்கும், அவ்வளவுதான். பல வீடுகளுக்கு அதுகூட இருக்காது.

இப்போது முக்கியமான விஷயம். இந்தக் கரையில் ஒரு வீடு மலிவா, கிராக்கியா என்பதை வாடகை தீர்மானிப்பதில்லை, தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. திருச்சிக்காரரான உங்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. நீங்கள் குழாயைத் திறந்தால் காவிரி வரும். இங்கே நாங்கள் குடிப்பதும் அதே காவிரிதான். திருச்சிப் பக்கம் ஆற்றில் எடுத்து, வழியில் எத்தனையோ ஊர்களுக்குக் கொடுத்து, குழாயின் கடைசியில் இருக்கிற எங்களுக்கு வந்து சேர்கிறது. எல்லாத் தெருவுக்கும் தினமும் வராது. வந்தாலும் மாடிக்கு ஏறும் அழுத்தம் இருக்காது. நிலத்தடி நீரோ பெரும்பாலான இடங்களில் உப்பு. தெருக்களில் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டிகளைப் பெண்கள் தள்ளிக்கொண்டு போவதை வந்த முதல் நாளே பார்ப்பீர்கள்.

அதனால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தண்ணீரைப் பற்றித் தனித்தனியாகக் கேளுங்கள். குளிக்க, துவைக்க வருவது எது? குடிக்க, சமைக்க நல்ல தண்ணீர் எது? "தண்ணி வசதி இருக்கு" என்று உரிமையாளர் சொன்னால், அது போர் தண்ணீரை மட்டும் மனதில் வைத்துச் சொன்னதாக இருக்கும். பொய் என்று சொல்ல மாட்டேன். அவருக்குப் பழகிப்போனது. நல்ல தண்ணீருக்கு வீட்டில் தனி இணைப்பு உண்டா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, கீழே தொட்டி இருக்கிறதா, அந்தத் தொட்டியில் மாடி வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டா, மோட்டார் போடுவது யார் கையில் என்று கேளுங்கள். அப்புறம் பக்கத்து வீட்டம்மாவிடம் இதையே ஒருமுறை கேளுங்கள். சரியான பதில் அவரிடம்தான் கிடைக்கும்.

கேட்டதோடு விடாமல் பாருங்கள். குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் வைத்துத் துப்பினாலே உப்பு தெரிந்துவிடும். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், நுரை வருகிறதா என்று. குழாய் மூட்டிலும் தரை ஓட்டிலும் வெள்ளையாகப் படிந்து இறுகியிருந்தால், ஹீட்டரும் வாஷிங் மெஷினும் அந்த வீட்டில் நாள் தாங்காது. கிணறா, போரா என்றும் கேளுங்கள். கடலோர மணற்பாங்கான இடங்களிலும் ராமேசுவரம் தீவிலும் மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்பு நீருக்கு மேலே ஒரு மெல்லிய அடுக்காக நிற்கும். அதனால் ஆழமில்லாத கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கும் மனையிலேயே ஆழமாகப் போர் இறக்கினால் உப்பு வரும். கோடையில் அளவுக்கு மேல் இறைத்தாலும் உப்பு மேலே ஏறிவிடும். ஆகவே கார்த்திகையில் ருசி பார்த்த தண்ணீரை வைத்துச் சித்திரைக்கு முடிவு செய்ய முடியாது. "கோடையில் எப்படி?" என்பதை விடாமல் கேளுங்கள்.

பணமாகப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஊருக்கு வெளியே 6,500 ரூபாய்க்கு ஒரு வீடு, நல்ல தண்ணீர் இணைப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு நாலு குடமாவது வேண்டும். குடம் பத்து ரூபாய் என்று கணக்குக்கு எடுத்தால் மாதம் 1,200. கோடையில் புழங்குவதற்கும் லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தால் அது தனி. பஸ்ஸுக்கோ பெட்ரோலுக்கோ ஆகிற செலவையும் சேருங்கள். ஊருக்குள் நல்ல தண்ணீரோடு 8,000-க்குக் கிடைக்கும் வீடுதான் மலிவு. தண்ணீர் பிடிக்க வாசலில் காத்திருக்கப்போவது யார் என்பதையும் யோசியுங்கள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் அந்தச் சுமை உங்கள் மாமியார் தலையில்தான் விழும். இந்தக் கணக்கை ரூபாயில் போட முடியாது. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

அடுத்தது உப்புக்காற்று. கடலுக்கு எவ்வளவு அருகில் போகிறோமோ அவ்வளவு கவனம் வேண்டும். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து மேல் பூச்சைப் பெயர்த்துத் தள்ளுகிறது. எனவே வீடு பார்க்கும்போது தலையைத் தூக்கி தளத்தைப் பாருங்கள். சன்ஷேடுக்கு அடியில், பால்கனிக்கு அடியில் பழுப்புக் கோடோ வெடிப்போ இருக்கிறதா? புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் உற்றுப் பாருங்கள். சுவரின் அடிப்பகுதியில் இடுப்புயரம் வரை உப்புப் பூத்துப் பெயிண்ட் உதிர்ந்தால் அது தரையிலிருந்து ஏறும் ஓதம். எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் நிற்காது. பெரியவர் ஒருவர் அந்தச் சுவரை ஒட்டிப் படுத்தால் மூச்சுக்கு ஆகாது. நல்ல காற்று வரும் வீடு என்று சொன்னால் எந்தக் காற்று என்று கேளுங்கள். தென்பக்க ஜன்னல் கோடையில் உயிர் கொடுக்கும். வடகிழக்கில் மறைப்பில்லாத ஜன்னல் இருந்தால், ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று மழையைச் சாய்த்துக் கட்டில் வரை கொண்டுவந்துவிடும்.

மழை என்றதும் நினைவு வருகிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நமது மாவட்டம் வறண்ட பூமிதான். ஆனால் பெய்தால் இப்படித்தான் பெய்யும். தரை மட்டமாகக் கிடப்பதால் நீர் ஓடிப் போக வழியும் இருக்காது. தெருவை விடத் தாழ்ந்த வாசலுள்ள கீழ் வீட்டை, எவ்வளவு குறைந்த வாடகை என்றாலும் விட்டுவிடுங்கள். மாமியாருக்கு மாடி ஏற முடியாது என்பதற்காகக் கீழ் வீடுதான் வேண்டுமென்றால், வாசற்படி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்த மழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று தெருமுனைக் கடைக்காரரைக் கேளுங்கள்.

சரி, எந்தப் பகுதி? உங்கள் அலுவலகம் பட்டணம்காத்தானில். அது ஊரின் கிழக்குப் பக்கம், ராமேசுவரம் போகும் சாலைப் பக்கம். கணவர் போக வேண்டிய மண்டபமும் அதே திசைதான். ஆகவே பாரதி நகர், பட்டணம்காத்தான், ஓம் சக்தி நகர் என்று இந்தப் பக்கமே தேடுங்கள். அலுவலர்கள் விரும்பும் பகுதி என்பதால் வாடகை கொஞ்சம் கூடத்தான். பிரதான சாலையிலிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே போனால் குறையும். அரண்மனை, சாலைத் தெரு, வண்டிக்காரத் தெரு பக்கம் பழைய வீடுகள் உண்டு. கடை கண்ணி, பள்ளிக்கூடம் எல்லாம் கைக்கெட்டும் தூரம். மாமியாருக்கு அந்த வாழ்க்கை பிடிக்கும். ஆனால் அறைகள் குறுகல், வண்டி நிறுத்த இடம் கேட்க முடியாது. கேணிக்கரையும் பார்க்கலாம். சக்கரக்கோட்டை, அச்சுந்தன்வயல் பக்கம் புது வீடுகள் கிடைக்கும். ஆனால் உங்கள் இருவருக்கும் அது போகும் வழியில் இல்லை.

உச்சிப்புளி மலிவுதான், பாதி வழியில் இருப்பதால் இருவருக்கும் சமதூரம் என்று தோன்றும். மகளின் பள்ளியை வைத்து யோசியுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருடம். பள்ளி ராமநாதபுரத்தில் என்றால் தினமும் பஸ். மழைக்காலத்தில் அவள் வீடு திரும்பும் நேரத்தில் வீட்டில் பாட்டி மட்டும்தான் இருப்பார். மண்டபத்துக்கும் இதே பேச்சுதான், தூரம் இன்னும் கூட. கணவர் போய்வர பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றபோது வண்டிகள் இந்தக் கரையோடு முடிந்தன. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்த பிறகு மறுபடி ராமேசுவரம் வரை போகின்றன. ஒருவர் பயணம் செய்தால் போதும், மூன்று பேர் ஊருக்குள் இருக்கலாம் என்பதுதான் என் கருத்து. மீன் கம்பெனி வேலை விடியற்காலையில் தொடங்குமானால் மட்டும் உச்சிப்புளியை இன்னொரு முறை யோசியுங்கள்.

ராமேசுவரம் உங்களுக்குத் தேவையில்லை என்றாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். அங்கே கோயிலைச் சுற்றி மாத வாடகைக்கு வீடு பிடிப்பது சிரமம். யாத்ரிகர்களுக்கு நாள் கணக்கில் அறையாக விட்டால் அதிகம் கிடைக்கும்போது குடும்பத்துக்கு ஏன் விட வேண்டும் என்று உரிமையாளர்கள் நினைக்கிறார்கள். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் பார்ப்பது நல்லது. கீழக்கரையில் நிலைமை வேறு. குடும்பத்தோடு வெளிநாட்டில் இருப்பவர்களின் நல்ல வீடுகள் பூட்டிக் கிடக்கும். தெரிந்தவர் மூலம் வந்தால் நியாயமான வாடகைக்கே தருவார்கள். ஆனால் அங்கே வீடு பெண்மக்கள் பெயரில் இருப்பது பரவலான வழக்கம். சாவி வைத்திருக்கும் மாமாவோ மச்சானோ உரிமையாளர் ஆகிவிட மாட்டார். பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவரோ, அவர் எழுதிக்கொடுத்த பவர் உள்ளவரோ கையெழுத்துப் போட வேண்டும்.

தேடும் முறை எளிது. அலுவலகத்தில் சேர்ந்த அன்றே உதவியாளர், டிரைவர், வாட்ச்மேன் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். மாற்றலாகிப் போகிறவர் காலி செய்யும் வீடு அடுத்து வருகிறவருக்குப் போவதுதான் இங்கே அதிகம் நடப்பது. மாலையில் நீங்கள் விரும்பும் தெருக்களில் நடந்து போங்கள். இஸ்திரி வண்டிக்காரர், பால்காரர், மளிகைக் கடைக்காரர் மூவருக்கும் எந்த வீடு காலியாகப் போகிறது என்று தெரியும். புரோக்கர் என்றால் கமிஷனை முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு மாத வாடகை கேட்பார்கள். இணையத்தில் படம் போட்டு, "நான் ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, க்யூஆர் கோடுக்கு அட்வான்ஸ் அனுப்புங்கள்" என்று யாராவது சொன்னால் அது மோசடி. வீட்டைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டவர்கள் உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

ஆடியிலும் மார்கழியிலும் இங்கே யாரும் குடிபோக மாட்டார்கள். அதனால் அந்த மாதங்களில் காலியான வீடு சும்மா கிடக்கும். அப்போது போய்ப் பேசி, கொஞ்சம் முன்பணம் கொடுத்து, ஆவணியிலோ தையிலோ வருகிறோம் என்றால் வாடகையில் ஐந்நூறாவது இறங்கி வருவார்கள். மே கடைசியில் போனால் பேரத்துக்கு இடமே இல்லை. பள்ளி திறப்பதற்குள் வீடு வேண்டுமென்று எல்லோரும் அலைவார்கள்.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். சாதி கேட்பார்கள். மதம் கேட்பார்கள். நேராகக் கேட்காமல் "சொந்த ஊர் எது, எந்தத் தெரு" என்று சுற்றி வருவார்கள். இது அநியாயம். இதைப் பழக்கம் என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதே என் நிலை. எல்லாரும் அப்படி இல்லை, மனிதரைப் பார்த்து வீடு கொடுக்கும் உரிமையாளர்களும் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். மற்றவர்களிடம் நேரத்தைச் செலவழிக்காமல் நகர்வதற்கு ஒரு வழி, அலுவலக நண்பர் ஒருவரைக் கூட அழைத்துப் போவது. மீன், கறி சமைப்பதில் ஆட்சேபம் உண்டா என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு "சரிப்பட்டு வராது" என்று ஆரம்பித்தால் அதைத் திரும்ப வாங்குவது பெரிய பாடு.

இனி ஒத்தி. திருச்சிப் பக்கம் போக்கியம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டால், பேசிய வருடங்களுக்கு வாடகை இல்லை. காலி செய்யும்போது முழுத்தொகையும் திரும்ப வரும். கேட்க இனிக்கும். சும்மா கிடக்கும் சேமிப்பு இருந்தால் லாபமும்தான். கடன் வாங்கி ஒத்திக்குப் போகலாமா என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 6,000 வட்டி. வாடகையிலிருந்து தப்பித்ததாகச் சொல்ல முடியாது. ஒரு வட்டிக்குக் கிடைத்தால் மாதம் 3,000, அப்போது யோசிக்கலாம்.

அதைவிடப் பெரிய கேள்வி, அந்தப் பணம் திரும்ப வருமா என்பது. ஒத்திக்கு விடுகிறவர் பெரும்பாலும் பணமுடையில் இருப்பவர். மகள் கல்யாணம், மகனை வெளிநாடு அனுப்புவது, பழைய கடன் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். உங்கள் பணத்தை வைத்திருந்து தரப்போவதில்லை. அடுத்து ஒத்திக்கு வருகிறவர் கொடுத்தால்தான் உங்களுக்கு வரும். எனவே சட்டப்படி பிடி வேண்டும். ஒத்தி என்பது சட்டத்தின் கண்ணில் சுவாதீன அடமானம், அதாவது பணம் கொடுத்தவர் வீட்டைத் தன் அனுபவத்தில் வைத்துக்கொள்ளும் அடமானம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள இத்தகைய அடமானம் இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்யப்பட வேண்டும் என்று சொத்து மாற்றச் சட்டம் சொல்கிறது. ஊரில் நடப்பதோ, ஒரு முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் சீல் வாங்குவது. அந்தக் காகிதத்தை நம்பி மூன்று லட்சம் கொடுக்காதீர்கள்.

கொடுக்கும் முன், வீட்டின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். வீடு எந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் வருகிறது, எந்தக் கிராமம், சர்வே எண் என்ன என்பது தெரிய வேண்டும். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, தவணை கட்டாமல் போனால், சர்பாசி (SARFAESI) என்னும் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். அப்போது ஒத்திக்காரர் வெளியே நிற்பார், பணத்துக்கு உரிமையாளரின் பின்னால் அலைவார். மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். "பத்திரம் லாக்கரில் இருக்கு, அப்புறம் காட்டுறேன்" என்றால், அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் நிலையில், இன்னொரு மாற்றல் எப்போது வரும் என்று தெரியாத அரசு வேலையில், ஒத்தி வேண்டாம் என்றே சொல்வேன். மாற்றல் உத்தரவு கையில் இருக்கும்போது மூன்று லட்சத்துக்காக இந்த ஊரில் காத்துக்கிடக்க முடியாது.

வாடகை ஒப்பந்தத்துக்கு வருவோம். 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் நகர்ப்புறங்களுக்குப் பொருந்தும். ராமநாதபுரம், ராமேசுவரம், கீழக்கரை நகராட்சிகள், மண்டபம் பேரூராட்சி எல்லாம் அதில் வரும். கிராம ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு அது வராது. ஊர் எங்கே முடிந்து ஊராட்சி எங்கே தொடங்குகிறது என்பது தெருவைப் பார்த்துத் தெரியாது, வீட்டு வரி ரசீதைப் பார்த்தால் தெரியும். சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்சுக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவு மூன்று மாத வாடகை. இங்கே ஐந்து, பத்து மாதம் கேட்பவர்கள் உண்டு. சட்டத்தைக் காட்டிச் சண்டை போட வேண்டாம், "மூன்று மாதம்தானே அம்மா சட்டம்" என்று பணிவாகவே சொல்லிப் பாருங்கள். கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் சொன்னால் கொஞ்சம் எடுபடும். என்ன கொடுத்தாலும் வங்கி வழியாகக் கொடுங்கள், ரொக்கம் வேண்டாம்.

மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்பதும் முக்கியம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் போகப் போக யூனிட் விலை ஏறும். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் ஓடினால் இலவசமும் ஒருமுறைதான், மொத்த உபயோகமும் மேல் படிக்கட்டுக் கட்டணத்துக்குப் போய்விடும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று கேட்கும் வீட்டில், தண்ணீர் மோட்டார் யார் கணக்கில் ஓடுகிறது என்றும் கேளுங்கள்.

வீடு முடிவானதும், சாமான் இறக்கும் முன், செல்போனில் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து அன்றே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சுவரடி, தளம், குழாய்கள், ஜன்னல் கம்பி எல்லாம் தெரிய வேண்டும். இந்தக் கரையில் பெயிண்டை உதிர்ப்பதும் குழாயை அரிப்பதும் உப்புதான், குடியிருப்பவர் இல்லை. ஆனால் காலி செய்யும்போது வெள்ளை அடிக்கவும் குழாய் மாற்றவும் என்று அட்வான்சில் பிடிப்பார்கள். வந்த அன்றே சுவர் எப்படி இருந்தது என்று அவர் போனிலேயே இருந்தால் அந்தப் பேச்சு நீளாது. பெயிண்ட் அடிக்கும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.